"பில் இருக்கா?" – எங்கட டாங்கிக்குள் போவது என்ன

எங்கள் வாசிப்பறைக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டில் இருக்கிறது. அதன் மூலையில், வெயில் படாத இடத்தில், மூடி இறுக்கிய ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றை வைத்திருக்கிறோம். மேலே பெற்றோல். கீழே நாலு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணி. நடுவில் கோடு கிழித்ததுபோல ஒரு பிரிவு. குலுக்கினால் கலங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கோட்டுக்கு வந்து நிற்கும்.

அது ஒரு கார் டாங்கியில் இருந்து எடுத்தது. எங்கள் குழுவில் ஹயர் ஓடும் நானா ஒருவர் இருக்கிறார். லீசிங்கில் எடுத்த பழைய ஒல்ட்டோ, அதுதான் அவருடைய முழுச் சொத்து. போன மாரியில் ஒருநாள் விடியற்காலை கற்பிட்டியில் இருந்து வயதான தம்பதி ஒன்றை ஏற்றிக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வெளிக்கிட்டார். போகிற வழியில் ஒரு செட்டில் நாலாயிரம் ரூபாவுக்குப் பெற்றோல் அடித்தார். நுரைச்சோலை தாண்டி மாம்புரி வருமுன்னமே கார் இழுக்காமல் குலுங்கத் தொடங்கிவிட்டது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. மழையில் அந்த மூத்தவர்களை இறக்கி, பின்னால் வந்த மீன் லொறிக்காரரைக் கெஞ்சி ஏற்றி அனுப்பினார். கிளினிக் நம்பர் தவறிப் போச்சு, அடுத்த திகதி ஒரு மாதம் கழித்து. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போய், டாங்கியைக் கழற்றி வடித்தபோது வந்ததுதான் இந்தப் போத்தல். பியூவல் பம்ப் போச்சு, பில்டர் போச்சு, இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்கு மேல். ஹயர் இல்லாத நாலு நாள் அந்தக் கணக்கில் இல்லை.

நாங்கள் நாலு பேர் அவரோடு அந்த செட்டுக்குப் போனோம். சண்டைக்குப் போகவில்லை, கேட்கத்தான் போனோம். முதல் கேள்வி அவர்களிடமிருந்துதான் வந்தது: "பில் இருக்கா?"

இந்தப் பக்கத்தில் பெற்றோல் அடிக்கிறவன் எவன் பில் வாங்குகிறான்? அதுவும் விடியற்காலை, பின் சீட்டில் வருத்தக்காரர் இருக்கும்போது? அடுத்தது: "வேற எங்கயாவது அடிச்சிருப்பீங்க." அதற்கடுத்தது, மிகவும் நியாயமாகக் கேட்கும் தொனியில்: "காலையில இருந்து எத்தனை பேருக்கு அடிச்சம், உங்களுக்கு மட்டும் எப்படி நானா?"

இந்த மூன்று கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. அந்த செட்டின் பெயரை இங்கே நாங்கள் எழுதாததும் அதனால்தான். தண்ணி அவர்களுடைய நிலத்தடி டாங்கியில் புகுந்ததா, பௌசரில் வந்ததா, அதற்கு முந்தின நாள் வேறு எங்கோ அடித்ததா என்று நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இந்த நாட்டில் ஒரு சாதாரண ஆளுக்கு இருக்கவேண்டுமா இல்லையா? எங்கள் கோபம் அங்கேதான் நிற்கிறது. ஒரு செட் முதலாளியின் மீதுள்ள கோபமாக மட்டும் இதை வாசிக்கவேண்டாம்.

முதலில் ஒரு விஷயத்தை நேர்மையாக ஒத்துக்கொள்கிறோம். வண்டி குலுங்கினால் உடனே "பெற்றோல் சரியில்ல" என்று பேஸ்புக்கில் செட்டின் போட்டோவோடு போடுவது எங்கட ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது. பாதி நேரம் குற்றவாளி மாற்றாத பில்டர், தேய்ந்த பிளக், துருப்பிடித்த டாங்கி. கராஜ்காரர்களிலும் சிலர், தங்களுக்குக் கண்டுபிடிக்க முடியாத கோளாறுக்கெல்லாம் "எண்ணெய் பிழை" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆனால் போத்தலுக்குள் நிற்கிற தண்ணிக்கு வேறு விளக்கம் கிடையாது.

தண்ணி எப்படி வருகிறது? பெற்றோலில் தண்ணி கரையாது என்றே சொல்லலாம். தண்ணி பாரம், பெற்றோல் பாரம் குறைவு. செட்டின் நிலத்தடி டாங்கியில் ஈரக்காற்று குளிர்ந்து சொட்டும் தண்ணி, மாரியில் மூடியின் வழியாகக் கசியும் தண்ணி எல்லாம் அடியில் போய்த் தங்கும். பம்ப் உறிஞ்சும் குழாய் அடியில் இருந்து கொஞ்சம் மேலே இருப்பதால் நாளாந்தம் அது உங்கள் வண்டிக்குள் வராது. தண்ணி மட்டம் ஏறினாலோ, பௌசர் வந்து புது எண்ணெயை இறக்கும்போது அடி கலங்கினாலோ வரும். அதுவும் அந்த நேரத்தில் அடிக்கிற ஆளுக்குத்தான் வரும். "உங்களுக்கு மட்டும் எப்படி" என்ற கேள்விக்கு உண்மையான பதில் இதுதான், ஆனால் அன்று எங்களுக்கு இது தெரியவில்லை. காரின் பம்ப் டாங்கியின் அடியில் இருந்தே உறிஞ்சுவதால் ஒரு கிளாஸ் தண்ணியே ஒரு பயணத்தை நிறுத்தப் போதும்.

எங்கட கரைக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாடு முழுக்க மணல். கையால் தோண்டினாலே தண்ணி காணும் இடங்கள் உண்டு. மாரியில் நிலத்தடி நீர் இன்னும் மேலே வரும். அப்படியான மண்ணில் புதைத்த டாங்கிக்கு உப்புக்காற்றும் ஈரமும் வேலை செய்துகொண்டே இருக்கும். வெடித்த டாங்கிக்கு வாசல் இரண்டு பக்கமும் திறந்திருக்கும்: தண்ணி உள்ளே வரும், பெற்றோல் வெளியே போகும். வெளியே போகிற பெற்றோல் போய்ச் சேரும் இடம் நாங்கள் குடிக்கிற, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கிற அதே கிணறு. அப்படி நடந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படி நடக்கிறதா என்று யாராவது பார்க்கிறார்களா என்றுதான் கேட்கிறோம்.

மற்றது மண்ணெண்ணெய்க் கலப்படம். தண்ணி விபத்தாகவும் வரலாம், ஆனால் மண்ணெண்ணெய் தானாக நடந்து வந்து பெற்றோலுக்குள் விழாது. பெற்றோல் இலேசாக ஆவியாகிற சாமான். மண்ணெண்ணெய் அதைவிடப் பாரம், ஆவியாக அதிக சூடு வேண்டும், தட்டாமல் எரியும் திறன், அதாவது நாங்கள் ஒக்டேன் என்று சொல்வது, அதற்கு மிகக் குறைவு. 92க்குக் காசு கொடுத்தவனின் எஞ்சினில் 92 இருக்காது. ஏற்றத்தில் "டக் டக்" என்று தட்டும், பிளக் கறுக்கும், எரியாமல் மிச்சமாகிறது கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதையும் கெடுக்கும். தண்ணி மாதிரி உடனே நிற்பாட்டாது. மெதுவாகத் தின்னும். ஆறு மாதம் கழித்து எஞ்சின் செய்யக் கொடுக்கும்போது எந்த செட்டில் போய் யாரைக் கேட்பது?

இந்தக் களவுக்கு வாசலைத் திறந்து வைத்தது விலை. 2022 ஜூலையில் 92 பெற்றோல் லீற்றர் 450 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. ஒரு லீற்றரில் 363 ரூபா வித்தியாசம்! ஆகஸ்ட் தொடக்கத்தில் டீசல் 430. இந்த இடைவெளியில் கலப்படம் செய்யாமல் இருக்க ஒரு மனுசனுக்கு இறையச்சம் மட்டும்தான் காவல். அதே ஆகஸ்ட் 21 இரவோடு மண்ணெண்ணெய் 340 ரூபா ஆனது. கலப்படத்தின் இலாபம் பெரும்பகுதி ஒரே இரவில் இல்லாமல் போனது உண்மை. ஆனால் யாருடைய தலையில்?

கற்பிட்டி, கந்தக்குழி, உடப்பு, சிலாபம் என்று இந்தக் கரை முழுக்கச் சின்னப் போட்டுக்காரர்களின் அவுட்போட் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். நாலு மடங்கு விலையேற்றம் என்றால் பல பேருக்குக் கடலுக்குப் போகாத நாட்கள் என்று அர்த்தம். இது புதிதும் இல்லை. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெயை 71இல் இருந்து 106க்கும் டீசலை 84இல் இருந்து 115க்கும் ஏற்றியபோது சிலாபத்தில் மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 15ஆம் திகதி துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். எண்ணெய் விலைக்காக உயிர் போன மாவட்டம் இது. அந்த விலையைக் கொடுத்து வாங்குகிற எண்ணெய் சரியான எண்ணெயா என்று கேட்க மட்டும் எங்களுக்கு வாய் வருவதில்லை.

கார் நின்றால் ரோட்டோரம் தள்ளலாம். கரையில் இருந்து பத்து மைல் வெளியே, காற்று மாறுகிற நேரத்தில் எஞ்சின் நின்றால்? எங்களில் ஒருவரின் மாமா சொன்னார்: "நாங்க புனல்ல துணியக் கட்டி வடிச்சுத்தான் ஊத்துறம் தம்பி. அதுக்கு மேல அல்லாஹ்தான்." துணி தூசைத் தடுக்கும். தண்ணியை முழுசாகத் தடுக்காது. இது அவருக்கும் தெரியும். கடலுக்குப் போகிறவர் தன் கையால் சோதனை செய்கிறார், ஆய்வுகூடமும் அதிகாரசபையும் வைத்திருக்கிற அரசு செய்வதில்லை.

"ஒவ்வொரு கப்பலும் சோதிக்கப்படுகிறதே" என்பார்கள். சரி, அதைப் பார்ப்போம். 2017இல் லங்கா ஐ.ஓ.சி.யின் பெற்றோல் கப்பல் ஒன்று தரச் சோதனையில் தேறவில்லை என்று கூட்டுத்தாபனம் ஏற்க மறுத்தது. நாடு முழுக்க நாட்கணக்கில் கியூ. அப்போது அந்தக் கியூவில் நின்று "கப்பலை விட்டிருக்கலாமே" என்று ஏசியவர்களில் நாங்களும் உண்டு, இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்று சோதனை தன் வேலையைச் செய்தது. ஒரு கப்பல் திரும்பினால் நாடே வற்றும் அளவுக்குக் கையிருப்பு இருந்ததுதான் பிழை. அதற்கு முன், 2011 நடுப்பகுதியில், தரம் குறைந்த பெற்றோல் உள்ளே வந்தேவிட்டது. வாகனங்களின் பியூவல் பம்புகள் வரிசையாகப் பழுதாகி, கூட்டுத்தாபனம் நட்டஈட்டுக்குச் சம்மதிக்க வேண்டி வந்தது. அது நடந்ததற்கு ஒரே காரணம், கொழும்பில் ஒரே நேரத்தில் ஏராளமான கார்கள் நின்றதுதான். மாம்புரிக்கு முன்னால் தனியாக ஒரு ஒல்ட்டோ நின்றால் யார் நட்டஈடு தருவார்?

2021 நவம்பர், டிசம்பரில் சமையல் காஸ் அடுப்புகள் வீடுவீடாக வெடித்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆராயப் போட்ட குழு, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதை முக்கிய காரணமாகக் காட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாங்கின ஜனம் வெடித்த பிறகுதான் அறிந்தது. பெற்றோலும் அதே கதை. அது வெடிக்காமல் மெதுவாகச் சாகடிப்பதால் குழு போடமாட்டார்கள், அவ்வளவுதான்.

கப்பலில் சோதித்தது கொலன்னாவைக்கும் முத்துராஜவெலவுக்கும் போகிறது. அங்கிருந்து கற்பிட்டிக்கு நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ரோடு. பௌசர், பௌசரின் வால்வு, செட்டின் டாங்கி, குழாய், பம்ப். இவ்வளவும் தாண்டி என் டாங்கிக்குள் விழுகிற துளிக்குக் கப்பலில் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டுவது, நேற்றுக் காலையில் பார்த்த காய்ச்சல் இல்லை என்ற துண்டை இன்றிரவு நோயாளியின் கையில் கொடுப்பது மாதிரி. 2023இல் சினோபெக் வந்தது, அதன் பின்னும் வேறு கம்பனிகள் வந்தன, ஒன்று போயும்விட்டது. போட்டி வந்தால் தரம் வரும் என்றார்கள். செட்டுகளின் போர்ட் புதுசு. நிலத்துக்குள்ள இருக்கிற டாங்கி புதுசா என்று நாங்கள் யாராவது கேட்டோமா?

அளவைப் பார்க்க இந்த நாட்டில் ஒரு திணைக்களம் இருக்கிறது. பம்பில் முத்திரை குத்துவார்கள், ஒரு லீற்றர் அடித்தால் ஒரு லீற்றர் வருகிறதா என்று பார்ப்பார்கள். நல்லது. அந்த ஒரு லீற்றரில் முக்கால்தான் பெற்றோல் என்றால்? மாதக் கடைசி இரவில் விலையை நாடே காத்திருந்து கேட்கிறது. தரத்தைப் பற்றி அப்படி ஒரு அறிவித்தலை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. மின்சாரத்துக்கு அதனிடம் பல் இருக்கிறது. பெற்றோலியத்துக்கான பல்லைக் கொடுக்கும் சட்டம் வருடக்கணக்காக அரசாங்கம் மாறி அரசாங்கமாகத் தூங்கியது. நினைத்தால் செய்ய முடியாத அரசும் இல்லை இது. ஈயம் கலந்த பெற்றோலை 2002இல் நிறுத்திக் காட்டியது.

பக்கத்து இந்தியாவில் கலப்படம் இல்லையா? எங்களைவிடப் பயங்கரம். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் கலப்பட பம்புகளைப் பூட்டிய இந்தியன் ஒயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 27. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிராவில் மன்மாடுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கலப்படக்காரர்களைப் பிடிக்கப் போன மேலதிக கலெக்டர் யஷ்வந்த் சோனவனே உயிரோடு எரிக்கப்பட்டார். அந்த விலை கொடுத்த நாட்டில் இன்று ஒரு வாடிக்கையாளர் பம்பில் நின்று வடிதாள் கேட்கலாம். பெற்றோல் ஒரு சொட்டு விட்டால் ஓரிரு நிமிசத்தில் கறையில்லாமல் ஆவியாகவேண்டும். எண்ணெய்க் கறை நின்றால் சந்தேகம். அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். பௌசர் இறக்கிய எண்ணெயின் மாதிரியை முத்திரை வைத்துப் பாதுகாக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. எல்லா பம்பிலும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்பது வேறு. கேட்க ஒரு உரிமையாவது எழுத்தில் இருக்கிறது.

எங்களுக்கு அந்த மாதிரி வைக்கிற விதிதான் முதலில் வேண்டும். ஒவ்வொரு பௌசருக்கும் இரண்டு போத்தல், திகதி, பௌசர் நம்பர், டிரைவரின் கையெழுத்து, ஒரு மாதம் வைத்திருக்கவேண்டும். இது நல்ல முதலாளியையும் காப்பாற்றும். பௌசரில் வந்த பிழைக்கு அவர் ஏன் ஏச்சு வாங்கவேண்டும்? தண்ணி காட்டும் பேஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, டிப் கம்பியின் நுனியில் பூசி இறக்கினால் தண்ணி பட்ட இடம் நிறம் மாறும். விலை அப்படி ஒன்றும் இல்லை. காலையில் ஒருதரம் அதைப் போட்டு, அளவைப் பலகையில் எழுதி வெளியே தொங்கவிட என்ன தடை? பில்லைக் கேட்டால்தான் தருவது என்ற நிலை மாறவேண்டும். பம்பில் அடிக்கும்போதே பில் தானாக வரவேண்டும். மாவட்டத்தில் ஒரு இடத்தில், புத்தளம் கச்சேரியிலேயே ஆகட்டும், ஜனம் கொண்டுவரும் மாதிரியை முத்திரையிட்டுப் பொறுப்பெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஒரு மேசை வேண்டும். நாங்கள் போத்தலோடு அலைந்தபோது எல்லா அலுவலகத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "இத எங்க கொண்டுபோய்க் குடுக்கிற?" என்ற கேள்விக்கு மட்டும் யாரும் ஒரு விலாசம் சொல்லவில்லை.

அதுவரை வாசிப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பௌசர் இறக்கிக்கொண்டிருக்கும் செட்டில் அந்த நேரம் அடிக்காதீர்கள். பில் கேளுங்கள், முறைத்துப் பார்த்தாலும் கேளுங்கள். வண்டி நின்றால் டாங்கி வடிப்பதைப் போனில் படம் எடுங்கள், கராஜ்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். 1977க்குப் போன் பண்ணலாம், ஆனால் எழுதிக் கொடுத்தால்தான் அது முறைப்பாடு. நானா இதை அறிந்தபோது இரண்டு மாதமும் மூன்று கிழமையும் போயிருந்தது. பில் இல்லாமலே எழுதிக் கொடுத்தோம். பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், ஒன்று அதிகார சபைக்கு, மற்றது கூட்டுத்தாபனத்துக்கு. கடந்த மூன்று வருடத்தில் புத்தளம் மாவட்டத்தில் எத்தனை செட்டுகளில் இருந்து எரிபொருள் மாதிரி எடுத்தீர்கள், எத்தனை தேறவில்லை, தேறாதவற்றுக்கு என்ன செய்தீர்கள், நிலத்தடி டாங்கிகளைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று நாலு கேள்வி. பதிவுத் தபாலில் போன திங்கட்கிழமை போனது. சட்டப்படி 14 வேலை நாள். வருகிற பதிலை, பதில் வராவிட்டால் அதையும், இங்கேயே போடுவோம். உங்களிடமும் இப்படி ஒரு போத்தலோ பில்லோ இருந்தால் திகதியையும் நேரத்தையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். செட்டின் பெயரை நாங்கள் வெளியிடமாட்டோம், அடுத்த விண்ணப்பத்தில் எந்தெந்த ஊரைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.